"அப்பா கேட்டதில்லை" என்பவரிடம் காசு கேட்பது எப்படி?

கேள்வி: கொக்குவிலில் அப்பா நடத்திவந்த அச்சகத்தை, அவர் காலமான பிறகு மூன்று ஆண்டுகளாக நான் நடத்துகிறேன். இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கலியாண அழைப்பிதழ், கல்வெட்டு (இறந்தவர் நினைவாக 31ஆம் நாளுக்கு அச்சிடும் நினைவுப் புத்தகம்), திருவிழா நோட்டீஸ், ரியூட்டரி (தனியார் வகுப்பு) நோட்ஸ், பாடசாலை மலர் என்று வேலைக்குக் குறைவில்லை. மாதம் ஏறத்தாழ 6 இலட்சம் ரூபாவுக்கு வேலை நடக்கிறது. ஆனால் வெளியில் 9 இலட்சத்து 60 ஆயிரம் நிற்கிறது. அப்பாவுக்குக் கொழும்புப் பேப்பர் கடைகள் இரண்டு மாதக் கடன் கொடுத்தன. இப்போது காசு வங்கியில் விழுந்தால்தான் லொறியில் ஏற்றுகிறார்கள். அதற்காக 4 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு எடுத்திருக்கிறேன். வாடிக்கையாளரிடம் கேட்டால், "உங்கட அப்பா ஒருநாளும் இப்பிடிக் கேட்டதில்லை, பிள்ளை" என்கிறார்கள். ஊரில் இருந்துகொண்டு முகத்தை முறிக்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நிலுவைப் பட்டியலையும் பெயர்களை மறைத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அது இல்லாமல் பொதுவாக நாலு ஆறுதல் வார்த்தைதான் எழுதியிருக்க முடியும்.

முதலில் அந்த வட்டியைப் பார்ப்போம். 4 இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று என்றால் மாதம் 12,000 ரூபா, ஆண்டுக்கு 1 இலட்சத்து 44 ஆயிரம். உங்கள் நிலுவையில் பாதி வந்திருந்தாலே இந்தக் கடன் தேவைப்பட்டிருக்காது. மற்றவர்கள் வைத்திருக்கும் கடனுக்கு நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபா வேலை ஒன்றில் பேப்பர், மை, பிளேட், கூலி, கரண்ட் எல்லாம் போக 8,000 மிஞ்சுகிறது என்று வைப்போம். அந்தக் காசு வராமலே போனால் கையை விட்டுப் போன 42,000 ரூபாவை மீட்க, அதே அளவு வேலை இன்னும் ஐந்துக்கு மேல் இலாபமில்லாமல் செய்ய வேண்டும். வேலை நிறைய இருந்தும் கையில் காசில்லாமல் இருப்பது இதனால்தான். உங்கள் திறமையில் குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் பெயரைச் சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? உள்ளதையே சொல்லுங்கள். அப்பா கேட்காமல் இருந்தது அவருடைய நல்ல மனத்தால் மட்டும் நடந்ததில்லை, பேப்பர் கடைக்காரர் அவருக்கு இரண்டு மாதம் தவணை கொடுத்ததால் அவராலும் தவணை கொடுக்க முடிந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதும், அந்த மார்ச் மாதம் பேப்பர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். "அப்பாவுக்குப் பேப்பர் கடனுக்கு வந்தது, ஐயா. எனக்குக் காசுக்குத்தான் வருகுது" என்று சொல்லிப் பாருங்கள். இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கேட்பவர் கடைக்காரராக இருந்தால் இன்னும் சுலபமாக விளங்கும், கொழும்பு மொத்த வியாபாரி அவரிடமும் காசை முன்கூட்டித்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். ஸ்ரான்லி வீதியில் மின்சாரச் சாமான் விற்பவருக்கு ஒருவர் காசு தராவிட்டால், அதே வயர் சுருளை இன்னொருவருக்கு விற்கலாம். உங்களுக்கு அது முடியாது. ஒருவருடைய மகளின் கலியாணக் கார்ட்டை வேறு யாரும் வாங்கப் போவதில்லை. கலியாணம் முடிந்த அடுத்த நாள், அந்தக் கார்ட் கொடுத்தவருக்கே வேண்டாத பொருள். திருவிழா நோட்டீசுக்கும், பரிசளிப்பு விழா மலருக்கும், கல்வெட்டுக்கும் இதே கதைதான். நாள் கடந்துவிட்டால் உங்கள் பில் அவர்களுடைய செலவுப் பட்டியலின் கடைசி வரிசைக்கு இறங்கிவிடும். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் அன்றே காசு போயிருக்கும், ஏனென்றால் அவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். ஆகவே உங்கள் தொழிலில் காசு கேட்க உரிய நேரம் வேலை ஒப்படைப்பதற்கு முந்திய நாட்கள்தான். பின்னால் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் பலன் குறைவு.

இனி எடுக்கும் வேலைகளில் காசை மூன்று இடத்தில் வாங்குங்கள். ஓடர் எடுக்கும்போது, பேப்பரும் பிளேட்டும் வாங்கும் செலவுக்குக் குறையாத அட்வான்ஸ். பாதி என்று வைத்துக்கொண்டால் சொல்லவும் சுகம், விளங்கவும் சுகம். பெரிய மலர் என்றால் புரூவ் (அச்சடிக்க முன் சரிபார்க்கும் பிரதி) பார்த்துக் கையொப்பம் இடும்போது இன்னொரு பங்கு. மிச்சம், வேலை கையில் போகும்போது. இதை வாயால் சொல்வது கஷ்டம் என்றால் ஓடர் சிட்டையில் அச்சடித்துவிடுங்கள், அச்சகம் உங்களுடையதுதானே. "அட்வான்ஸ் கிடைத்த பின் வேலை தொடங்கும். மிச்சக் காசு செலுத்தி வேலையைப் பெற்றுக்கொள்ளவும்" என்று இரண்டு வரி, விலை, திகதி, வாடிக்கையாளரின் கையொப்பம், அவ்வளவு போதும். தாளில் இருப்பதை வாசித்துக் காட்டும்போது அது எல்லோருக்கும் பொதுவான ஒழுங்காகத் தெரியும். தன்னை நம்பவில்லையோ என்ற எண்ணம் வராது. அந்தச் சிட்டையில் கையொப்பம் வாங்குவதற்கு இன்னொரு பெரிய காரணமும் உண்டு, கீழே சொல்கிறேன்.

கல்வெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். உங்கள் பட்டியலில் 78,000 ரூபாவோடு ஐந்து மாதமாக நிற்கும் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது, "செத்த வீட்டில் எப்படிக் காசு கேட்பது" என்று தயங்கியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் நல்ல மனத்தின் அடையாளம், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் கல்வெட்டு வேலை எப்படி நடக்கிறது என்று யோசியுங்கள். 31ஆம் நாளுக்கு முன் எல்லாம் முடிய வேண்டும். ஓடர் கொடுக்க வருபவர் பெரும்பாலும் மருமகன் அல்லது பெறாமகன். படம் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் வரும். பாட்டு ஒருவர் எழுதித் தருவார், வம்சாவளியை இன்னொருவர் திருத்துவார். கடைசி நேரத்தில் லண்டனில் இருக்கும் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டுவிட்டது என்று அந்தப் பக்கத்தை மீண்டும் அடிக்கச் சொல்வார்கள். செலவு பிள்ளைகளுக்குள் பங்கு. இங்கே இருக்கும் மகளின் கையில் அந்தக் காசு இருக்காது, அவரும் அண்ணன் அனுப்புவார், தம்பி அனுப்புவார் என்று காத்திருப்பவர்தான். நீங்கள் அவரிடம் கேட்டால் அவருக்கும் வேதனை, உங்களுக்கும் வேதனை.

அதனால் ஓடர் எடுக்கும்போதே பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "செலவுகளை ஆர் பாக்கிறியள்?" அந்த ஆளின் பெயரையும் இலக்கத்தையும் சிட்டையில் எழுதுங்கள். அட்வான்ஸ் பற்றி அவருடன் பேசுங்கள், துக்க வீட்டுக்காரரோடு வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவராக இருந்தால் பில்லைப் படம் எடுத்து, வங்கிக் கணக்கு விபரத்தோடு அனுப்பிவிடுங்கள். அவர்கள் பெரும்பாலும் அன்றே அனுப்பக்கூடியவர்கள். இங்கிருந்து யாரும் தொகையைச் சரியாகச் சொல்லாததால்தான் பல இடங்களில் தாமதம். புரூவில் பெயர்கள் எல்லாவற்றையும் சரிபார்த்ததாக ஒருவரிடம் கையொப்பம் வாங்குங்கள், அதன் பிறகு வரும் திருத்தத்துக்குத் தனிக் காசு என்று முன்பே சொல்லிவிடுங்கள். இந்த 78,000க்கும் அதே வழிதான். ஓடர் தந்த பெறாமகனை அழைத்து, "அம்மாவைக் கரைச்சல்படுத்த விருப்பமில்லை, வெளியில இருக்கிற ஆரிட்ட பில்லை அனுப்பலாம்?" என்று கேளுங்கள். ஆண்டுத் திவசம் வரை விட்டால் அந்தப் பேச்சை எடுப்பது இன்னும் கடினம்.

அடுத்தது பழைய மாணவர் சங்கத்தின் 3 இலட்சத்து 10 ஆயிரம். பட்டியலில் மிகப் பெரியதும் எனக்கு அதிகம் கவலை தருவதும் இதுதான். மலர் கொடுத்துப் பத்து மாதம் ஆகிறது என்கிறீர்கள். வழக்குத் தொடர்வதற்கான காலத்தை வரையறுக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கடைப் பில், விற்றுக் கொடுத்த பொருள், செய்து கொடுத்த வேலை ஆகியவற்றுக்கான காசுக்கு, அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஒரு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில் செய்த ஒப்பந்தமாக இருந்தால் ஆறு ஆண்டு இருக்கிறது. ஓடர் சிட்டையில் கையொப்பம் வாங்கச் சொன்னதன் பெரிய காரணம் இதுதான். கடன்காரர் வாயால் "தாறன், தாறன்" என்று எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் கணக்கு நீளாது. அவர் கையொப்பமிட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால், அல்லது ஒரு பகுதியைச் செலுத்தினால், காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடும்.

உங்களிடம் இருப்பது பில் மட்டும் என்றால் கையில் இரண்டு மாதம்தான் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு ஓடச் சொல்லவில்லை. இந்தக் கிழமையே தலைவருக்கும் செயலாளருக்கும் பொருளாளருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்: மலர் கொடுத்த திகதி, பிரதிகளின் எண்ணிக்கை, பில் இலக்கம், நிலுவைத் தொகை, எந்தத் திகதிக்குள் எதிர்பார்க்கிறீர்கள் என்பது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். வியாபார விடயத்தில் இப்படி ஒரு கடிதத்தைப் பெற்றுக்கொண்டு மறுக்காமல் சும்மா இருப்பதை, நம் நாட்டு நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டதற்குச் சமமாகப் பார்த்த தீர்ப்புகள் உண்டு. ஆனால் காலக்கெடுவை நீட்ட அவர்களுடைய கையொப்பம் வேண்டும், மௌனம் போதாது. ஆகவே கடிதத்தோடு, "மேற்படி தொகை செலுத்தப்பட வேண்டியுள்ளது என உறுதிப்படுத்துகிறோம்" என்ற ஒரு வரித் தாளையும் வைத்து, நேரில் போய்க் கையொப்பம் வாங்குங்கள். காசு இப்போது இல்லை என்பவர்கூட இதில் ஒப்பமிடத் தயங்க மாட்டார். தயங்கினால், அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது காலக்கெடு முடிய முன்பே தெரிந்துவிடும். அப்போது உடனே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

சங்கங்களில் இன்னொரு சிக்கல், பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறுவது. புதிய பொருளாளர் "அது பழைய கமிற்றி" என்பார். அந்தக் கூட்டத்துக்கு முன் உங்கள் தொகை கணக்கறிக்கையில் கொடுக்க வேண்டிய கடனாக ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சங்கத்துக்கு உண்மையிலேயே காசு வராததற்குக் காரணம், மலருக்கு விளம்பரம் தந்த கடைகள் இன்னும் கொடுக்காமல் இருப்பதாகவும் இருக்கலாம். அப்படியானால் எந்தெந்த விளம்பரக் காசு நிற்கிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். அதில் சிலரை உங்களிடமே செலுத்தச் சொல்லிச் சங்கம் கடிதம் தரலாம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ கிளை இருக்கும் பாடசாலை என்றால் அங்குள்ளவர்களுக்கும் நிலைமையைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். பாடசாலையின் பெயருக்கு இழுக்கு வருவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள்.

ரியூட்டரி மாஸ்டரின் 1 இலட்சத்து 80 ஆயிரம் வேறு வகை. அவர் 10,000, 15,000 என்று கொடுத்துக்கொண்டே, ஒவ்வொரு மாதமும் புதிய நோட்ஸ் அடிக்கத் தருகிறார். கொடுப்பதைவிட ஏறுவது கூட. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகளிடம் ஃபீஸ் சரியாக வராவிட்டால் அவருக்கும் அதே நிலைதான். பழைய கடனையும் புதிய வேலையையும் பிரித்துவிடுங்கள். புதிய நோட்ஸ் காசுக்கு மட்டும். பழைய 1,80,000க்கு மாதம் 15,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் முடிக்க ஒரு தாள் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அவர் பின்திகதியிட்ட செக் தர முன்வந்தால் வாங்கலாம், ஆனால் செக்கைக் காசு என்று எண்ணிப் பேப்பருக்கு ஓடர் போடாதீர்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டத்தின் கீழ் குற்றம், ஒரு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. திரும்பிய செக்கையும் வங்கி தரும் துண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். அதைக் காட்டி ஆளைப் பயமுறுத்தும் வேலைக்கு மட்டும் இறங்காதீர்கள், தேவை வந்தால் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

அரசாங்கத் திணைக்களத்தின் 95,000க்கு யாரையும் திட்டிப் பயனில்லை. அவர்களுடைய நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, வருடக் கடைசியில் கட்டுநிதி (செலவுக்கு அவர்களுக்கு வரும் காசு) போதாமல் பில்கள் தேங்கும். விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கண்டு, வவுச்சர் எந்த மேசையில் இருக்கிறது, என்ன குறைகிறது என்று கேளுங்கள். பல தடவை குறை நம் பக்கத்தில்தான் இருக்கும்: பில் அச்சகத்தின் பெயரில், வங்கிக் கணக்கு சொந்தப் பெயரில். தொண்டு நிறுவனத்தின் 1 இலட்சத்து 20 ஆயிரம், திட்டம் முடிந்துவிட்டதால் நிற்கிறது என்கிறீர்கள். யாழ்ப்பாண அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல், ஓடர் கடிதம், பொருள் பெற்றதற்கான ஒப்பம் இரண்டின் பிரதிகளோடு கொழும்பில் நிதிப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். இனி எழுத்தில் ஓடர் வராமல் அவர்களுக்கு ஒரு பதாகைகூட அடிக்க வேண்டாம்.

மிஞ்சும் 1 இலட்சத்து 77 ஆயிரம் சிறிய சிறிய தொகைகள். இவர்களில் கணிசமானோர் மறந்தே போயிருப்பார்கள். பில்லின் படத்தோடு ஒரு செய்தி போதும்: "வணக்கம் அண்ணை, சித்திரையில் அடித்த நோட்டீசுக்கு 4,500 ரூபா நிலுவையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கணக்கில் போட்டுவிடுவீர்களா?" தொகை, நாள், கணக்கு மூன்றும் இருக்கட்டும். "வசதிப்படும்போது" என்று எழுதாதீர்கள், அந்த வசதி வரவே வராது. சங்கடத்தோடு கேட்கிறேன், மன்னிக்கவும் என்றெல்லாம் தொடங்கவும் வேண்டாம். செய்த வேலைக்குக் கேட்கிறீர்கள். கோயில் நோட்டீஸ் ஒன்றிரண்டை உபயமாக விட விரும்பினால் விடுங்கள், அது உங்கள் மனம். ஆனால் அதை முன்பே உபயம் என்று சொல்லிச் செய்யுங்கள், வராத கடனைப் பிறகு உபயமாக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் அசையாதவர் ஒருவர் இருவர் இருப்பார்கள். அவர்களுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. ஊரில் இன்னும் இணக்கசபை என்றே பலர் சொல்வார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. செலவு இல்லை என்றே சொல்லலாம், சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை, இரு பக்கத்தையும் இருத்திப் பேச வைப்பார்கள். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கடன் பிணக்குகளை நீதிமன்றம் ஏற்க முன் அங்கே போயிருக்க வேண்டும், இணக்கம் வராவிட்டால் அதற்குச் சான்றிதழ் தருவார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு நான் இதை மனதார விரும்பிச் சொல்கிறேன். மூன்றாம் ஆள் முன்னால் தவணை கேட்டு ஒப்பமிட்டவர் பெரும்பாலும் கட்டப் பார்ப்பார், அதன் பிறகும் தெருவில் கண்டால் கதைக்கக்கூடியதாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க வேண்டும். அச்சகத்தின் வியாபாரப் பதிவு இன்னும் அப்பாவின் பெயரிலா? அப்படியென்றால் பிரதேச செயலகத்துக்குப் போய் மாற்றும் வேலையை உடனே தொடங்குங்கள். கடிதம் எழுதினாலும் செக் வாங்கினாலும் சபைக்குப் போனாலும் "நீங்கள் யார்" என்ற கேள்விதான் முதலில் வரும். வங்கிக் கணக்கும் அந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.

வரும் மாதம் ஆறுதலாகச் செய்யலாம் என்று விடாமல், சங்கத்தின் கடிதத்தை முதலில் எழுதுங்கள். பிறகு சிறிய நிலுவைக்காரர்களுக்குச் செய்தி, அப்புறம் மாஸ்டரோடு பேச்சு. காசு வரத் தொடங்கியதும் புதிய டிஜிட்டல் மெஷினுக்கு அட்வான்ஸ் கட்டும் ஆசை வரும் என்று நினைக்கிறேன், கடிதத்தின் ஓரத்தில் அதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். முதலில் வரும் 4 இலட்சம், நூற்றுக்கு மூன்று வட்டிக்குத் தந்தவரிடம் போகட்டும். மாதம் 12,000 மிச்சமானால், அடுத்த பேப்பர் லொறிக்குக் கடன் வாங்கும் தேவை எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட்டு, மெஷினைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.